உருவப்படம் பயில எங்கே போவது? வடசென்னையிலிருந்து பார்த்த நான்கு வழிகள்

தண்டையார்பேட்டையில் குடியிருந்து, பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எண்ணெய் வண்ண உருவப்படம் தீட்டப் பழகியவன் நான். இப்பகுதியில் ஓவிய ஆர்வமுள்ள இளைஞர்களும், பணி ஓய்வுக்குப் பிறகு பிரஷைக் கையில் எடுக்க நினைக்கும் பெரியவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஆளை எதிரே உட்கார வைத்து, பழைய முறைப்படி, ஒரு முகத்தைக் கேன்வாஸில் கொண்டுவரக் கற்க வேண்டுமானால் கல்லூரியில் சேர்வதா, தனியார் வகுப்புக்குப் போவதா, கைவேலை தெரிந்த பழைய ஓவியர் ஒருவரிடம் போய் உட்காருவதா, அல்லது புத்தகத்தையும் இணையத்தையும் துணையாகக் கொண்டு வீட்டிலேயே பயில்வதா? இவற்றில் மூன்றை நான் நேரில் கடந்து வந்திருக்கிறேன். கல்லூரியில் படித்தவர்களோடு நெருங்கிப் பழகியிருக்கிறேன். எனவே இந்த ஒப்பீட்டில் என் சொந்த முடிவும் கலந்திருக்கும்.

மரபுவழி என்று இங்கே நான் குறிப்பிடுவது, ஐரோப்பாவில் உருவாகி, கம்பெனி காலத்தில் நம் கடற்கரைக்கே வந்து இறங்கிய எண்ணெய் வண்ண முறையை. டில்லி கெட்டில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1769-இல் சென்னைக்கு வந்து ஆற்காட்டு நவாபு முகமது அலியை வரைந்தார். அயர்லாந்தில் பிறந்த தாமஸ் ஹிக்கி 1824-இல் இந்த ஊரிலேயே காலமானார். அந்த முறையில் வேலை படிப்படியாக நடக்கும். முதலில் கரித்துண்டால் அளந்து வரையும் வரைபடம். அடுத்து, பழுப்பு அல்லது சாம்பல் போன்ற ஒரே நிறத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் நிறுத்தும் அடிப்பூச்சு. அது காய்ந்த பின் மெல்லிய அடுக்குகளாக ஏற்றும் நிறம். ஒரு முகம் முடிய வாரக்கணக்கில் ஆகும். கைபேசிப் புகைப்படத்தைப் பார்த்து ஒரே மாலையில் அக்ரிலிக்கில் முடிக்கும் படங்களுக்கு வேறு அழகும் வேறு பயனும் உண்டு. அவற்றைக் கற்க விரும்புவோருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இறுதியில் வந்து நிற்கும் இடம் ஜாடைதான். படத்தை வீட்டார் முன் வைத்ததும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா அவர் மாதிரி இல்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால் மற்ற திறமைகள் அனைத்தும் அந்த நொடியில் பயனற்றுப் போகின்றன. ஜாடை தவறுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. உள்கண் முனைக்கும் மூக்கின் மடலுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மில்லிமீட்டர் கூடினாலே தம்பியின் முகம் அண்ணனின் முகமாகிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், அரை மணி நேரம் தொடர்ந்து பார்த்த பிறகு வரைபவரின் கண் தன் பிழைக்குப் பழகிப்போய், அதையே சரியென்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும், முகம் பார்க்கும் கண்ணாடியில் படத்தின் பிம்பத்தைப் பார்ப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். ஆகவே நான்கு வழிகளையும் நான் ஒரே கேள்வியால் எடைபோடுகிறேன்: ஆள் இன்னும் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, என் பிழையைச் சுட்டிக்காட்ட இன்னொரு கண் அங்கே இருக்குமா?

இந்தக் கேள்விக்கு ஐயமின்றி ஆம் என்று பதில் சொல்லக்கூடிய இடம் அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் நம் பிராட்வேயில் தொடங்கிய பள்ளி அது. பின்னர் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு, அதாவது இன்றைய பெரியார் ஈ.வெ.ரா. சாலைக்கு இடம் மாறியது. அதற்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்ற முறையில் அவரைப் பலரும் அறிவர். உடற்கட்டையும் முகத்தையும் நேரில் பார்த்து வரையும் பயிற்சியில் அவர் கண்டிப்பானவர். இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். நுழைவதற்குத் திறன் தேர்வு உண்டு. ஆளை உட்கார வைத்து வரைவது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் சக மாணவர் ஒருவர் அதே முகத்தை வேறொரு கோணத்திலிருந்து வரைந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதே பாதிப் பாடம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு போக்குவரத்தும் ஒரு தடையாக இல்லை. திருவொற்றியூரிலிருந்து புறப்பட்டு சென்ட்ரலில் வண்டி மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர்.

ஆயினும் அந்தக் கல்லூரியின் நோக்கம் மரபுவழி உருவப்படத்தோடு முடிவதில்லை. ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957-இல் தலைமை ஏற்ற கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் அங்கிருந்து சென்னை ஓவிய இயக்கம் வளர்ந்தது; 1966-இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவானது. அன்றிலிருந்து மாணவர் தமக்கென ஒரு மொழியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அங்கு எதிர்பார்ப்பு. அது உயர்ந்த எதிர்பார்ப்பு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளின் அடிப்படைப் பயிற்சியை முழுவதுமாக உறிஞ்சிக்கொண்டு, அதற்குப் பிறகும் மாலை நேரங்களில் முகங்களையே வரைந்துகொண்டிருக்கும் பிடிவாதம் உள்ளவருக்குத்தான் அங்கே உருவப்படம் கைவரும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த வழியை என்னால் சொல்ல முடியாது. வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துபவருக்கு, முழுநேரப் படிப்பு என்பதாலேயே, இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கிறது.

தனியார் வகுப்பைப் பற்றி நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று எங்கு பார்த்தாலும் வகுப்புகள் உள்ளன. பெரும்பாலானவை சிறுவர்களுக்கானவை, இன்னும் சில ஓவிய லோயர், ஹையர் என்று நாம் சொல்லும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குத் தயார் செய்பவை. நான் சேர்ந்த ஒரு வகுப்பில் முதல் வாரமே புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து, கார்பன் தாள் வைத்துக் கேன்வாஸில் கோட்டை இறக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதங்களில் நான் நான்கு படங்களை முடித்தேன். நான்கிலும் ஜாடை இருந்தது. ஏழாம் மாதம் என் தந்தையை எதிரே உட்கார வைத்துக் கரித்துண்டை எடுத்தபோது, நெற்றி எங்கே முடிகிறது என்றுகூட என்னால் முடிவு செய்ய இயலவில்லை. அந்த ஆறு மாதப் பணத்தைவிட, எனக்குத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தை நினைத்துத்தான் இன்றும் வருந்துகிறேன். வகுப்பில் சேரும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கே உயிருள்ள ஆளோ, பொம்மையோ, குறைந்தபட்சம் ஒரு மண்பானையோ நேரில் வைத்து வரையப்படுகிறதா, ஆசிரியர் மாணவரின் இடத்தில் வந்து நின்று பார்த்துத் திருத்துகிறாரா என்பதைக் கவனித்தாலே போதுமானது.

மூன்றாவது வழி, நம் பகுதிக்கே உரியது. சுவர் விளம்பரமும் துணி பேனரும் கட்டவுட்டும் கையால் எழுதப்பட்ட காலத்தில், பெயருக்குப் பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று பலகை மாட்டிய கடைகள் வடசென்னையின் பல தெருக்களில் இருந்தன. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவற்றில் பல மூடப்பட்டன. எஞ்சியிருப்பவர்களுள் வயதானவர்கள் சிலர் இன்றும் மறைந்தவர்களின் படங்களையும், தலைவர்களின் படங்களையும் வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நான் மூன்று ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன். அவர் ஓவியப் பள்ளியில் படித்தவர் இல்லை. பதின்மூன்று வயதில் பேனர் கடையில் பிரஷ் கழுவச் சேர்ந்து, இருபது அடி உயர முகங்களைச் சாரத்தின் மேல் நின்று வரைந்து பழகியவர்.

அவர் எனக்குத் தந்த முதல் கருவி, நூலில் கட்டிய ஓர் இரும்பு நட்டு. கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிப்பதைப் போல, அதை ஆளின் முகத்துக்கு நேரே தொங்கவிட்டு, உள்கண் முனைக்கு நேர் கீழே உதட்டின் எந்த இடம் வருகிறது, காதின் பின்விளிம்புக்குக் கீழே தோளின் எந்த இடம் வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கரித்துண்டால் புள்ளி வைக்கச் சொன்னார். இரண்டு மாதங்கள் வேறு எதையும் செய்ய விடவில்லை. கட்டம் போட்டுப் பெரிதாக்கும் முறை அவருக்கு மூச்சு விடுவதைப் போன்றது. ஆனாலும் எனக்கு அதை அவர் பிறகுதான் சொல்லிக் கொடுத்தார். "கட்டம் உன் கையைத்தான் பழக்கும் தம்பி, கண்ணைப் பழக்காது" என்பார்.

நிறத்தைப் பற்றி அவரிடம் நான் கற்றதை எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. காசிமேட்டில் வலை பின்னும் ஒரு பெரியவர் எங்களுக்காக உட்கார ஒப்புக்கொண்டார். வெயிலில் கருத்து, நெற்றியில் வியர்வை பளபளத்த முகம். நான் ஐரோப்பிய முறை விளக்கங்களில் படித்தபடி வெள்ளையும் மஞ்சள் காவியும் சற்றே சிவப்பும் கலந்து நெற்றியின் ஒளியை வைத்தேன். சுண்ணாம்பு அப்பியதைப் போல இருந்தது. அவர் அருகில் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கட்டைவிரலால் அந்த இடத்தை வழித்து எடுத்தார். கருப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலில் துளி நீலம் தொட்டு, அரிசி அளவு புள்ளி ஒன்றை மட்டும் நெற்றி மேட்டில் வைத்தார். அதைச் சுற்றிலும் பழுப்பும் செம்பழுப்பும் அப்படியே இருந்தன. முகம் ஈரமானது. "இவர் நெத்தியில தெரியறது தோல் இல்லப்பா, வானம்" என்றார். கருத்த தோலில் ஒளி விழும் இடம் பளபளப்பாக இருப்பதால் அது வெளிச்சத்தின் நிறத்தையே திருப்பித் தருகிறது. தோலின் சொந்த நிறத்தை அதற்கு அடுத்த பகுதியில்தான் தேட வேண்டும். நம் மக்களின் முகங்களை வரைய விரும்பும் எவருக்கும் இது அடிப்படைப் பாடம்.

இந்த வழிக்கு ஒரு பெரிய முன்னோடியும் உண்டு. 1848-இல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா எந்தக் கலைப் பள்ளியிலும் படித்தவரில்லை. திருவனந்தபுரம் அரண்மனைக்கு 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே அவரை அனுமதித்தார் என்றும், அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தபோது அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக உதவினார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1873-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவருடைய படம் தங்கப் பதக்கம் பெற்றது. பார்த்துக் கற்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் ஆறுமுகம் பிள்ளைதான் முக்கியமானவராகத் தெரிகிறார். கலவையின் பக்குவத்தைக் கூடவே இருந்து காட்ட அந்த மேதைக்கும் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

ஆனால் பழைய ஓவியரிடம் சேர்வதில் உள்ள குறைகளையும் மறைக்கக் கூடாது. அவருடைய வாழ்வாதாரம் புகைப்படத்தைச் சார்ந்தது. அதுவும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் நிழலே இருக்காது, நிழலை அவர் அனுபவத்தால் வைத்துக்கொள்வார். அந்தப் பழக்கம் உங்களுக்கும் ஒட்டிக்கொண்டால், எதிரே இருப்பவரின் மூக்குக்குக் கீழே உண்மையில் விழும் நிழலைப் பார்க்காமல், வழக்கமான நிழல் ஒன்றை வைத்துவிடுவீர்கள். பொருள்களிலும் கவனம் தேவை. இரண்டு நாளில் படத்தைக் கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் எனாமலும், விரைவில் உலர வைக்கும் டிரையரும் கலப்பது அந்தத் தொழிலில் சகஜம். எண்ணெய் வண்ணம் நீர் வற்றுவதைப் போல உலர்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருந்தால்தான் படம் பின்னாளில் வெடிக்காது. மெதுவாக உலரும் அடுக்கின் மேல் எனாமலைப் போல் விரைவில் இறுகும் பூச்சைப் போட்டால், அடியிலுள்ளது பிறகு அசையும்போது மேலே விரிசல் விழும். இதை என் வாத்தியாரிடம் நான் கேட்டபோது, தம் படங்கள் மாலை போட்டு மாட்டப்படுகின்றன என்றும், புகையும் பூவின் ஈரமுமே அவற்றை முதலில் கெடுத்துவிடும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். அடுக்கு முறையை நான் வேறு இடத்தில்தான் கற்க வேண்டியிருந்தது.

அந்த வேறு இடம், நான்காவது வழியான வீட்டுப் பயிற்சி. இதன் முதுகெலும்பாக நான் பரிந்துரைப்பது சார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர், ஜான் லியோன் ஜெரோமின் துணையோடு 1866-க்கும் 1871-க்கும் இடையில் வெளியிட்ட வரைபடத் தொகுதி. மொத்தம் 197 தகடுகள், அதாவது பார்த்து வரைவதற்கான அச்சுப் படங்கள். முதல் பகுதி சுதைச் சிற்பங்கள், அடுத்தது பழைய ஓவியர்களின் வரைபடங்கள், கடைசியாக மனித உருவங்கள். வான் கோ தம் பயிற்சிக்காக இவற்றை ஒருமுறைக்கு மேல் பார்த்து வரைந்திருக்கிறார். பதிப்புரிமைக் காலம் முடிந்த படங்கள் என்பதால் பெரிய தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். தாளுக்குப் பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒரு தகட்டுக்கு எனக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மாலைகள் பிடித்தன. முதலில் நேர்க்கோடுகளால் வெளிவிளிம்பு, பிறகு நிழலின் எல்லைக்கோடு, அதற்கும் பிறகே நிழலின் அடர்த்தி என்ற ஒழுங்கு கையில் ஏறிவிட்டால், எந்த முகத்தைப் பார்த்தாலும் கண் அந்த வரிசையிலேயே வேலை செய்யத் தொடங்கும்.

சுதைத் தலைகளுக்குப் பதிலாக என்ன வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன் கொசப்பேட்டையில் வண்ணம் பூசாத களிமண் பிள்ளையார் ஒன்றை வாங்கி வாருங்கள். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துவிட்டுப் பார்த்தால் வயிறு முழு உருண்டை, தும்பிக்கை வளைந்த உருளை, காது மெல்லிய தகடு; வெளிச்சம், அரை நிழல், முழு நிழல், நிழலுக்குள் எதிரொளி என்று படிக்க வேண்டிய அத்தனையும் அந்த ஒரு கைப்பிடி மண்ணில் இருக்கிறது. நான் கரைக்கும் நாளுக்கு முன் ஒன்பது வரைபடங்கள் முடித்தேன்.

இணையவழிப் பாடங்களில் மிக நல்லவை உண்டு. கலவை எப்படிச் செய்வது, அடிப்பூச்சு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பவற்றை அருகில் காட்டுவதில் அவற்றுக்கு இணையில்லை. என்றாலும் என் கேள்விக்கு அவை தோற்றுவிடுகின்றன. நீங்கள் படத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பி, திருத்தம் வந்து சேர்வதற்குள் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விடுவார். மேலும், கைபேசியை முகத்துக்கு அருகில் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். அந்தப் படத்தை வைத்துத் தரப்படும் திருத்தம் உங்களைத் தவறான பக்கம் திருப்பவும் கூடும். பாடத்துக்கு இணையத்தையும், திருத்தத்துக்கு மனிதரையும் நம்புவது என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர் ஓவியத்தை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். சரபோஜி மன்னர் காலத்தில் அந்தப் பாணியில் அரசர்களின் உருவங்களும் தீட்டப்பட்டன என்பது உண்மை. பலகையில் துணி ஒட்டி, மக்கு வேலை செய்து, தங்க ரேக்கு பதிக்கும் அந்தக் கைத்திறனுக்கு நம் பகுதியிலேயே நல்ல ஆசிரியர்கள் உள்ளனர். ஆயினும் அதில் முகம் இலக்கணப்படி வகுக்கப்பட்டது. எதிரே இருக்கும் தனிமனிதரின் ஜாடையைத் தேடுவது அதன் நோக்கமாக இருந்ததில்லை. எனவே இதற்கு அது மாற்று வழியாகாது.

தேர்வு செய்யும் முன் வீட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும், ஏனெனில் வகுப்பு எங்கே நடந்தாலும் பெரும்பாலான மணிநேரங்கள் வீட்டில்தான் கழியும். மரபுவழி நூல்கள் அனைத்தும் வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்கின்றன; அதில் நேர் வெயில் விழாது, நிழல் நாள் முழுவதும் நகராது என்பது காரணம். அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெயில் அடிக்கும். நான் அந்த நான்கு மாதங்களுக்கு ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்துகிறேன். இன்னொன்று இடம். ஆளையும் கேன்வாஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போய் நின்று, இரண்டும் ஒரே அளவில் தெரியும்படி வரையும் முறையைப் பல ஐரோப்பிய ஓவியக் கூடங்கள் கற்பிக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில், கட்டிலும் பீரோவும் போக, அதற்கு இடமில்லை. தூக்குக்குண்டும், கையை நீட்டிப் பென்சிலால் விகிதம் பார்க்கும் முறையும் நம் வீடுகளுக்கு ஏற்றவை. என் வாத்தியாரை நான் முதலில் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழைக்காலத்தில் வண்ணம் உலரக் கூடுதல் நாள் ஆகும். ஓதம் ஏறிய சுவரில் கேன்வாஸைச் சாய்த்து வைத்தால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். கட்டை வைத்து இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, டர்பன்டைனும் எளிதில் தீப்பற்றும், சமையலறையோ நாலடி தூரத்தில் இருக்கிறது. துணியை விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

எந்த வழியில் போனாலும் நல்ல படங்களை நேரில் பார்க்காமல் கண் வளராது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஆளுநர்களின் ஆளுயர எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. பாரிமுனையில் வேலை பார்ப்பவர்களுக்கு நடந்துபோகும் தூரம். அருகில் நின்று பார்த்தால் சட்டையின் சரிகை நாலைந்து பிரஷ் தடங்களாகக் கலைந்துவிடும். ஆறடி பின்வாங்கினால் மீண்டும் சரிகையாகச் சேரும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ரவி வர்மாவின் ஓவியங்கள் உண்டு; எவை காட்சியில் உள்ளன என்று முன்பே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஆக, பள்ளி முடித்துவிட்டு வாழ்க்கையையே ஓவியத்துக்குக் கொடுக்கத் தயாராக இருப்பவர் கல்லூரித் தேர்வுக்குத் தயாராகட்டும். பார்க் தகடுகளில் இருபதை முடித்துவிட்டுப் போனால் திறன் தேர்வில் கை நடுங்காது. வேலையில் இருப்பவர் பழைய ஓவியர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, ஓராண்டாவது அவர் பக்கத்தில் உட்காரட்டும். வரைவதையும் ஜாடையையும் நிறத்தையும் அவரிடமும், அடுக்கு முறையையும் பொருள்களின் தன்மையையும் வீட்டுப் பயிற்சியிலும் கற்கட்டும். இந்த இரண்டின் சேர்க்கையையே நான் நால்வகையிலும் சிறந்ததாகக் கருதுகிறேன். அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் என்ன என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வகுப்புகளில் கேட்கும் தொகையை நீங்களாகவே கேட்டறிந்து, அதற்குக் குறையாமல் கொடுங்கள். வீட்டை விட்டு வெளியே போக வசதிப்படாதவர் தகடுகளோடும் பிள்ளையாரோடும் தொடங்கி, மாதம் ஒருமுறையாவது வரைந்தவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய், வரையத் தெரிந்த ஒருவர் முன் விரித்துக் காட்டட்டும். தனியார் வகுப்பை, நான் மேலே சொன்னபடி ஒரு நாள் போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல், யாருக்கும் நான் சொல்வதில்லை.

உட்கார ஆள் கிடைக்குமா என்ற கவலை மட்டும் நம் பகுதியில் வேண்டாம். கூட்டுக் குடும்பங்களும் திண்ணைப் பேச்சும் இன்னும் மிச்சமிருக்கும் ஊர் இது. என் தாயார் எனக்காக நாற்பது முறைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவரை எழுப்பிவிடுகிறேன். அதற்கு முன் நாற்காலியின் நான்கு கால்களையும் அவருடைய இரண்டு பாதங்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்கிறேன். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அந்தக் கோட்டுக்குள் காலை வைத்ததும், எதிர்ச் சுவரின் நாட்காட்டியில் எந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவரே நினைவுபடுத்திக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.